அழைப்பு வராத இருபத்தாறு லிஃப்டுகள்

சென்ற மாதம் என் தங்கை மகள் வித்யா வந்திருந்தாள். கல்கத்தாவின் சால்ட் லேக்கில், வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு கம்பெனியில், பணியாளர் பிரிவில் வேலை. தமிழைவிட வங்காளம் அவளுக்குச் சுலபம். என்னிடம் மட்டும் தமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசுவாள்.

"பெரியம்மா, எங்க ஆபீஸ்ல டெலிவரி பண்றவா பேரையெல்லாம் வரிசையா போட்டு ஒரு போர்டு வைக்கப் போறோம். யார் முதல், யார் கடைசின்னு போன்லயே தெரியும். நீங்க அப்பவே இப்படி ஒண்ணு வெச்சேளாமே, அம்மா சொன்னா. எங்க டீமுக்கு வந்து பத்து நிமிஷம் பேசுங்கோளேன்" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். அவள் போன பிறகு, என்ன பேசுவது என்று குறித்துக்கொள்ள உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வித்யாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். நானே படித்துக் காட்டுகிறேன்.

என் பெயர் லலிதா. தாத்தா கும்பகோணம் பக்கத்திலிருந்து குமாஸ்தா வேலைக்காகக் கல்கத்தா வந்தவர். அப்பா வங்கியில் இருந்தார். நான் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் லேக் மார்க்கெட் பக்கம். ஜாதவ்பூரில் மனோதத்துவம் படித்தேன். மனிதன் எதற்காக வேலை செய்கிறான் என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறினேன். பசி கீழே, பாதுகாப்பு அதற்கு மேலே, மரியாதை அதற்கும் மேலே என்று அடுக்கடுக்காக ஒரு கோபுரப் படம் உண்டு. அதைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். அந்தப் படத்தோடுதான் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியின் பணியாளர் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். முப்பது வருஷம் அங்கேயே இருந்தேன். லலிதா என்ற பெயர் அங்கே லொலிதா ஆயிற்று, பிறகு எல்லோருக்கும் வெறும் தீதி, அதாவது அக்கா.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. லீவு விண்ணப்பங்களை அடுக்கினேன். மெக்கானிக்குகளின் பெயர்களைத் தப்பாக எழுதித் திருத்திக்கொண்டேன். நினைவில் நிற்பவர் சன்யால் பாபு ஒருவர்தான்.

அவர் சர்வீஸ் பிரிவின் தலைவர். ஒல்லியான மனிதர், அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் ஒரு நீலப் பென்சில். காலையில் மெக்கானிக்குகள் கையெழுத்துப் போடும் கூடத்தில் உயரமான மேஜை ஒன்று இருந்தது. அதன்மேல் பிரேக்டவுன் ரிஜிஸ்டர் கிடக்கும். எந்த நாள், எத்தனை மணிக்கு லிஃப்ட் நின்றது, யார் போனார், என்ன செய்தார் என்று கட்டடத்துக்குச் சில பக்கங்களாக ஒதுக்கி எழுதிய தடித்த நோட்டு. சன்யால் பாபு தன் அறைக்குப் போகுமுன் நின்றுகொண்டே அதை வரிவரியாகப் படிப்பார். ஏதாவது ஒரு வரியில் பென்சில் நின்றால் அந்த மெக்கானிக்கைக் கூப்பிடுவார். லிஃப்ட் ஏன் நின்றது என்று கேட்க மாட்டார். நின்றபோது உள்ளே யார் இருந்தார், எந்த மாடிக்குப் போய்க்கொண்டிருந்தார் என்று கேட்பார். பதில் தெரியாவிட்டால் அந்த மனிதர் தலைகுனிந்து நிற்பார். திட்டு கிடையாது. மறுநாள் சன்யால் பாபுவே அந்தக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஏறி, மெஷின் ரூமில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். வேலை முடியும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். மதியம் டிபன் பெட்டியைத் திறந்து பாதியை மெக்கானிக்குக்குக் கொடுப்பார். பாராட்டும் கிடையாது. ஒரு கட்டடத்தின் பக்கம் மாதக்கணக்கில் வெறுமையாக இருந்தால் நோட்டை அந்த மெக்கானிக் பார்க்கும்படி திருப்பி வைப்பார். அவ்வளவுதான். அப்படித் திருப்பி வைக்கப்பட்ட நாளில் அவர்கள் மாடிப்படி இறங்கும் விதமே வேறாக இருக்கும்.

பயிற்சி முடிந்த புதிதில் நான் நாற்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைத் தயார் செய்தேன். உங்களை உற்சாகமாக வேலை செய்ய வைப்பது எது, ஐந்தில் ஒன்றுக்கு டிக் போடவும், என்பது போன்ற கேள்விகள். சன்யால் பாபு அதை முழுவதும் படித்தார். கேலி செய்யவில்லை. நீ இதைக் கொடுக்கப்போகிறவர்களில் ஒருவரோடு ஒரு வாரம் சுற்றிவிட்டு வா, பிறகு கொடுக்கலாம் என்றார். நிமாய் மண்டலோடு அனுப்பினார்.

நிமாய்தா, அதாவது நிமாய் அண்ணா, சாந்த்ராகாச்சியிலிருந்து தினம் ரயிலில் வருபவர். கரியாஹாட்டும் அதைச் சுற்றியும் இருபத்தாறு லிஃப்டுகள் அவர் பொறுப்பு. பெரும்பாலும் பழைய கட்டடங்கள், இழுத்துச் சாத்தும் கிராதிக் கதவு வைத்த கூண்டு லிஃப்டுகள். என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவர், இருந்தும் என்னைத் தீதி என்றுதான் கூப்பிட்டார். எங்கள் பேச்செல்லாம் வங்காளத்தில்தான். தமிழாக்கி எழுதுகிறேன்.

அந்த ஒரு வாரமும் அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. புறா எச்சம் நாறும் மெஷின் ரூமில், ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டாரின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் பொருத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். பட்டியலில் இருக்கும் வேலைகளை முடித்த பிறகும் கிளம்ப மாட்டார். ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கி, கதவுகளை இழுத்துச் சாத்திப் பார்ப்பார். கடைசி நாள் என் படிவத்தைக் கொடுத்தேன். எதற்கும் டிக் போடாமல் அடியில் ஒரு வரி எழுதித் திருப்பித் தந்தார். "நாலாம் மாடியில் லிஃப்ட் அரை விரல் மேலே நிற்கிறது, மாலா தீதிக்குக் கால் தடுக்கும், நாளை பிரேக்கைச் சரி செய்ய வேண்டும்" என்று இருந்தது.

மாலா தீதி என்பவர் கரியாஹாட்டில் ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் தனியாக இருந்த இசை ஆசிரியை. சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பியவர். லிஃப்ட் இருந்ததால்தான் அவரால் தினமும் பள்ளிக்கூடம் போக முடிந்தது.

அந்தப் படிவத்தை நான் சிரித்துக்கொண்டே ஓரமாக வைத்துவிட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்தேன்.

வருஷங்கள் ஓடின. சன்யால் பாபு ஓய்வு பெற்றார். நான் பணியாளர் பிரிவின் மேலாளர் ஆனேன். நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்து வருஷம் முன்பு மும்பையிலிருந்து மெஹ்ரா என்பவர் எங்கள் கிளைக்குத் தலைவராக வந்தார். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. கடைநிலை ஊழியரின் பிறந்தநாள்கூட அவருக்குத் தெரியும். நன்றி சொல்லாமல் ஒரு காகிதத்தைக்கூட வாங்க மாட்டார். யார் நன்றாக வேலை செய்கிறார், யார் செய்யவில்லை என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும், அதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு அது பெரிய வாய்ப்பாகப் பட்டது. படித்த படிப்பு கடைசியில் பயன்படப் போகிறது. கூடத்தில் ஒரு வெள்ளைப் போர்டு மாட்டினேன். ஒவ்வொரு மெக்கானிக்கும் அந்த மாதம் எத்தனை அழைப்புகளுக்குப் போனார், எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தார் என்று கணக்கெடுத்துப் பெயர்களை வரிசைப்படுத்தினேன். மேலே இருப்பவர்கள் பச்சை, நடுவில் மஞ்சள், கடைசி மூன்று பெயர்கள் சிவப்பு. முதல் பெயருக்கு மாதா மாதம் ஒரு சான்றிதழ், கைத்தட்டல். பெயர்களை நானே கைப்பட எழுதுவேன்.

முதல் மூன்று மாதங்களில் கிளையே மாறியது போலிருந்தது. முன்பு டீக்கடையில் நின்றவர்கள் ஓடினார்கள். அழைப்புகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. தலைமை அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டு அந்தப் போர்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கம்பெனிப் பத்திரிகையில் என் படம் வந்தது. லிஃப்டுகள் ஏன் முன்பைவிட அதிகமாக நிற்கின்றன என்று நானும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை.

நிமாய்தாவின் பெயர் முதல் மாதத்திலிருந்தே கடைசியில் இருந்தது. காலையில் வந்து கையெழுத்துப் போடுவார், போர்டை ஒருமுறை பார்ப்பார், போய்விடுவார். இளைஞர்கள் அவரை சிவப்பு மாமா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். எனக்குத் தெரியும். விளையாட்டுக்குத்தானே என்று விட்டுவிட்டேன்.

தொடர்ந்து ஆறு மாதம் சிவப்பில் இருந்தால் ஆலோசனைக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது நானே எழுதிய விதி. அவரை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொல்லிக் கடிதத்தை நீட்டினேன். முழுவதும் படித்தார். பிறகு, "என் லிஃப்டுகள் கூப்பிடுறதில்லை தீதி. கூப்பிட்டாத்தானே நான் போக முடியும்?" என்றார்.

குற்றம் சொல்லும் தொனி அதில் இல்லை. உண்மையாகவே வழி கேட்டார். மற்ற ரூட்டுகளில் இத்தனை அழைப்பு வரும்போது உங்களுக்கு மட்டும் ஏன் வருவதில்லை என்று நான் பொறுமையாகக் கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சன்யால் பாபுவின் பழைய ரிஜிஸ்டர்கள் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தன. அவற்றை எடுத்து, கட்டடவாரியாகக் கூட்டிப் பார்க்க இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். நான் எடுக்கவில்லை. வேலை நெருக்கடி என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எடுத்துப் பார்த்திருந்தால் போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும். அது என்னுடைய போர்டு.

முயற்சி செய்கிறேன் என்று சொல்லி, கடிதத்தின் நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் அவர் பெயர் சிவப்பிலிருந்து மேலே வந்தது. அதற்கடுத்த மாதம் ஐந்தாவது. நாலாவது மாதம் முதல் பெயர் அவருடையது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் கையால் சான்றிதழ் கொடுத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் அதை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சான்றிதழை மடிக்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரு வியாழக்கிழமை மதியம் நிமாய்தா என் அறை வாசலில் வந்து நின்றார். சட்டை முழுக்க நனைந்திருந்தது, மழை இல்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மாலா தீதி லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டாங்க. மூணாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவுல, நாற்பது நிமிஷம். இப்பத்தான் இறக்கிவிட்டு வரேன். அந்தக் கதவு காண்டாக்டை நான்தான் தளர்த்தி வெச்சேன், தீதி. அரைச் சுற்று" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் நின்றபடியே விளக்கினார். ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு மின் தொடர்பு உண்டு. அது சரியாகப் பொருந்தாவிட்டால் லிஃப்ட் கிளம்பாது. திருகை அரைச் சுற்று தளர்த்தி வைத்தால் இரண்டொரு நாளில் அது விலகும், லிஃப்ட் கீழேயே நிற்கும், ஆபீசுக்கு அழைப்பு வரும். அவர் போய் ஒரு நிமிஷத்தில் முடுக்கிவிட்டு வருவார். ஆளில்லாமல் நிற்கிறபடிதான் அவர் எல்லாக் கட்டடத்திலும் பார்த்துப் பார்த்துச் செய்து வந்திருக்கிறார். இந்தமுறை லிஃப்ட் ஓடும்போது விலகிவிட்டது. மாலா தீதி உள்ளே இருந்தார். ஆபீசுக்கு அழைப்பு வந்த நேரத்தில் நிமாய்தா ஜாதவ்பூரில் இன்னொருவருடைய ரூட்டில், எண்ணிக்கைக்காக வாங்கிக்கொண்ட ஓர் அழைப்பில் இருந்தார். வந்து சேர்ந்து, மெஷின் ரூமுக்கு ஏறி, வாட்ச்மேனை பிரேக்கைத் தளர்த்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கையால் சக்கரத்தைச் சுற்றிக் கூண்டை நாலாம் மாடிக்குக் கொண்டுவரும்வரை அந்த அம்மாள் இருட்டில் தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அது போர்டில் இன்னொரு அழைப்பாக ஏறியிருக்கும்.

பிறகு நடந்ததெல்லாம் நடைமுறைப்படி நடந்தது. குற்றச்சாட்டுக் கடிதம் கொடுக்கப்பட்டது. பதில் சொல்ல அவகாசம் கொடுக்கப்பட்டது. உள்விசாரணைக்கு அதிகாரியாக மெஹ்ரா என்னையே நியமித்தார். போர்டு வைத்தது நான், அதனால் நான் உட்காரக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் இருந்தால் அவருக்கு நல்லதாகச் செய்யலாம் என்று நினைத்தேன். பாதி அது உண்மை.

விசாரணை கூட்ட அறையில் நடந்தது. சுருக்கெழுத்தர் ஒருவர். துணைக்கு ஒரு சக ஊழியரை வைத்துக்கொள்ளலாம் என்று விதி. வேண்டாம் என்றார் நிமாய்தா. குற்றச்சாட்டை நான் வங்காளத்தில் மெதுவாகப் படித்தேன். பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே சேதப்படுத்தியது, பயணியின் உயிருக்கு ஆபத்து விளைவித்தது. ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். ஒப்புக்கொள்கிறேன் என்றார். விதிப்படி அங்கேயே முடிந்துவிட்டது. ஒப்புக்கொண்டால் சாட்சி தேவையில்லை. யாரையும் கூப்பிடவில்லை.

ஆனாலும் நான், ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். சுருக்கெழுத்தரின் பேனா நின்றது.

"அந்த போர்டுல என் பேரு கடைசியில இருந்ததைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லைன்னுதான் நெனச்சேன், தீதி. ஆனா தினம் காலையில பார்க்கணும். கொஞ்ச நாள்ல நான் நிஜமாவே சோம்பேறியோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்றார் நிமாய்தா. சுருக்கெழுத்தர் எழுதுவதற்குக் குனிந்தார். அவர் கையை நீட்டித் தடுத்தார். "அதை எழுத வேண்டாம். போர்டைப் பத்தி எழுதினா தீதிக்குத்தான் சிக்கல் வரும். கை என்னோடது."

சுருக்கெழுத்தர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியும் பதிலும் ஆவணத்தில் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நிமாய்தா கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன்.

அன்று மாலை பழைய ரிஜிஸ்டர்களையும் புதியவற்றையும் எடுத்து உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம்தான் ஆயிற்று. எங்கள் கிளையிலேயே மிகக் குறைவாக நின்ற லிஃப்டுகள் அவருடைய இருபத்தாறும். சில கட்டடங்களின் பக்கங்களில் ஒரு வருஷத்துக்கு ஒரு வரிகூட இல்லை. போர்டு வந்த பிறகும் அப்படியேதான், நான் கடிதம் கொடுத்த நாள்வரை.

மறுநாள் அதை மெஹ்ராவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கவனமாகப் பார்த்தார். நல்ல ஆராய்ச்சி, அடுத்த வருஷம் போர்டைத் திருத்தும்போது இதைச் சேர்த்துக்கொள்வோம் என்றார். பிறகு அமைதியாக, ஆனால் ஒரு பெண் நாற்பது நிமிஷம் உள்ளே இருந்திருக்கிறார், லொலிதா, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. சம்பந்தம் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பணிநீக்கம் வேண்டாம், தானாக விலகியதாக இருக்கட்டும் என்று கெஞ்சினேன். ஒத்துக்கொண்டார். நிமாய்தா விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, கருவிப் பையை ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டுப் போனார். போர்டு என் ஓய்வுவரை அங்கேதான் இருந்தது. கட்டடக் கணக்கைச் சேர்த்துக் கொஞ்சம் திருத்தினோம். பெயர்களை எழுதும் வேலையை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற வருஷம் ஒருநாள் கரியாஹாட்டில் காய்கறி வாங்கப் போனேன். நாலாம் மாடி பால்கனியிலிருந்து கயிற்றில் கட்டிய பை ஒன்று இறங்கி வந்தது. தள்ளுவண்டிக்காரர் அதில் வெண்டைக்காயைப் போட்டார். நிமிர்ந்து பார்த்தேன். மாலா தீதி. படி ஏறிப் போனேன்.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் லிஃப்டில் ஏறவே இல்லை. கிராதிக் கதவின் சத்தம் கேட்டாலே மூச்சு முட்டுகிறது என்றார். நாலு மாடி இறங்கி ஏற அந்தக் கால் இடம் கொடுக்காது. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டார். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து பாட்டுக் கற்றுக்கொண்டு போகிறார்கள். மருத்துவரிடம் போவதென்றால் இரண்டு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்க வேண்டும்.

நான் யார் என்று சொன்னேன். விசாரணை நடத்தியது நான்தான் என்றும் சொன்னேன்.

"என்னைக் கூப்பிடுவாங்கன்னு காத்திருந்தேன். யாரும் கூப்பிடலையே" என்றார்.

கூப்பிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டேன்.

"அவர் கதவைத் திறந்தப்போ என்னைவிட அவருக்குத்தான் நடுக்கம். தப்பு தன்னோடதுன்னு முதல்ல என்கிட்டதான் சொன்னார். அப்போ எனக்கிருந்த கோபத்துல போங்கன்னு சொல்லிட்டேன். விசாரணையில எல்லார் முன்னாடியும் அவரை வேலையை விட்டு அனுப்பாதீங்கன்னு சொல்லணும்னு இருந்தேன். எத்தனை வருஷம் அவர் லிஃப்டை நம்பி வாழ்ந்திருக்கேன்."

அடுத்த வாரம் சாந்த்ராகாச்சிக்குப் போனேன். ரயில்வே யார்டைத் தாண்டி ஒரு குளத்தை ஒட்டிச் சின்ன வீடு. நிமாய்தாவின் மனைவி ஷெஃபாலி கதவைத் திறந்தார். நிமாய்தா கட்டிலில் இருந்தார். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டுமுறை டயாலிஸிஸ். முகம் பாதியாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார்.

மாலா தீதி சொன்னதை அப்படியே சொன்னேன். நிமாய்தா ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவங்க இப்ப வெளியே போறாங்களா, தீதி?"

"போறாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது. திரும்பி வரும் ரயிலில் உட்கார்ந்திருந்தபோதுதான், அதைப் பொய்யாக விட்டுவைக்கக் கூடாது என்று தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை மாலா தீதியின் வீட்டுக்குப் போனேன். நிமாய்தாவிடம் நான் சொன்ன பொய்யைச் சொல்லி, அதை நிஜமாக்க லிஃப்டில் இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். சரி என்றார். அன்று நாலாம் மாடியில், திறந்த கதவுக்கு முன்னால் இரண்டு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம், அவ்வளவுதான். அடுத்த வாரம் நாற்காலியை உள்ளே போட்டோம், கதவைச் சாத்தவில்லை. கதவைச் சாத்த மூன்று வாரம் ஆயிற்று. முதல்முறை ஒரு மாடி இறங்கியபோது என் மணிக்கட்டில் அவர் நகம் பதிந்து ரத்தம் கட்டிவிட்டது. மறுவாரம் வரமாட்டேன் என்றார். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். நான் படித்த எந்தப் படமும் நினைவுக்கு வரவில்லை. அவர் எப்போது தயார் என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. துர்கா பூஜை வந்து போயிற்று. பூஜைக்குக் கீழே வர முடியவில்லை. பால்கனியிலிருந்தே கும்பிட்டுக்கொண்டார்.

மார்கழி பிறக்கும் சமயம் ஒரு சனிக்கிழமை, நீங்கள் கீழே போய் நில்லுங்கள் என்றார். நான் படியில் இறங்கிப் போய் நின்றேன். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கூண்டு மெதுவாக இறங்கி வந்தது. அவர் தனியாக உள்ளே நின்றிருந்தார், கண்ணை மூடிக்கொண்டு. கதவைத் தானே இழுத்துத் திறந்தார். என்னோடு பேசாமல், காலை இழுத்து இழுத்து நடைபாதைக்குப் போய், கொய்யாப்பழம் விலை கேட்டார்.

நான் அங்கேயே நின்று சாந்த்ராகாச்சிக்குப் போன் செய்தேன். ஷெஃபாலி எடுத்தார். நிமாய்தாவிடம் கொடுங்கள், மாலா தீதி வெளியே வந்திருக்கிறார் என்றேன்.

அவர் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது, உங்கள் நம்பர் எங்கே எழுதி வைத்தோம் என்று தெரியவில்லை என்றார்.

மன்னிப்புக் கேட்டேன், எதற்கென்று சொல்லாமல். போனை வைத்துவிடப் போனேன்.

"வெச்சிடாதீங்க தீதி" என்றார் ஷெஃபாலி. "சூரத்திலிருந்து பையன் வந்திருக்கான். லிஃப்டைக் கெடுத்துட்டு வேலை போன அப்பான்னுதான் அவனுக்குத் தெரியும். இவரும் அதுக்கு மேல அவன்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லை. நீங்க சொல்லுங்க."

போன் கை மாறியது. ஒரு ஆண் குரல், அப்பாவின் குரல்போலவே தாழ்ந்த குரல், சொல்லுங்க என்றது. தெருவில் பஸ் சத்தம். காதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த போர்டை வெச்சது நான்தான்" என்று ஆரம்பித்தேன்.